வவ்வால் போட்ட அண்டி

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் போன வாரம் வந்த செய்தியை மூன்று தடவை படித்தேன். வவ்வால் நோய் பரப்புமாம், தோட்டத்தை அழிக்குமாம், அது தொங்கும் மரம் ஊருக்கே ஆகாதாம். ஆகவே குளத்தங்கரையில் மிச்சமிருக்கும் ஒற்றை மருதமரத்தை வெட்டச் சொல்லி எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்க வேண்டுமாம். கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தீர்கள். ஒருத்தர் பூச்செண்டு வைத்திருந்தார், எதற்கென்று தெரியவில்லை. நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரை வந்தது, முழங்கால் வலி வந்தது, பேரன் பேத்திகள் வந்தார்கள். புத்தி மட்டும் வழி தெரியாமல் எங்கேயோ நிற்கிறது.

மனுவில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம். ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறேன்.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்துக் கோடை அது. உங்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தீர்கள். நடந்ததை மறந்துவிட்டீர்களா, மறந்த மாதிரி இருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் அப்போது சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் அம்மா பிறந்த ஊர். சித்தியைக் கட்டியவர் கல்யாணமான நாலாம் மாதம் வளைகுடாவுக்குக் கப்பல் ஏறினார். ஒரு கடிதம் வந்தது, ஒரு சென்ட் பாட்டில் வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. மாமியார் வீட்டில் "உனக்க ராசிதான்" என்றார்கள். பிறந்த வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அக்கா வீட்டுப் பின்கட்டில், நெல் அவிக்கும் அண்டாக்களுக்குப் பக்கத்தில், ஒரு பாய் போடும் இடம் கிடைத்தது. இருபத்தேழு வயது இருக்கும். நல்ல உயரம். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அழுதும் பார்த்ததில்லை. அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். புருஷன் கைவிட்ட பெண் அழாமல் இருந்தால் ஊர் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

சித்தி விடிவதற்குள் எழுந்து கடவம் என்கிற ஓலைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். வாய்க்கால் ஓடும் சானல்கரைப் புன்னை மரங்களுக்கு அடியில் வவ்வால் சப்பிப் போட்ட புன்னைக்காய் கிடக்கும். அதைப் பொறுக்கிக் காயவைத்து எண்ணெய் ஆட்டுகிறவரிடம் போடுவாள். கோடையில் அண்டியும் கிடைக்கும். பட்டணத்தில் வீடு கட்டிய பிறகு முந்திரிக்கொட்டை என்று சொல்லப் பழகிவிட்டீர்கள். நம் ஊரில் அதற்கு அண்டி என்றுதான் பெயர். அதில் வரும் காசில் அவள் தனக்கு சோப்பும், வெளிநாட்டுக்கு எழுதும் நீலக் கடிதமும் வாங்கிக்கொள்வாள். பதில் வராத முகவரிக்கு மாதம் ஒன்று எழுதினாள். அம்மாவிடம் கையேந்தியதில்லை.

ஊரில் வவ்வால் இரண்டு வகை. சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்றால் பொய். கண் இருந்தால் யாருக்கும் தெரியும். குளத்தங்கரையில் மூன்று மருத மரங்கள் நின்றன அல்லவா, அதில் தொங்கியவை பெரியவை. நரி முகம், செம்பட்டை ரோமம், விரித்தால் ஒரு ஆள் நீளம். பகல் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே தூங்கும். அந்தப் பக்கம் போனாலே ஒரு புளித்த நெடி அடிக்கும். பொழுது சாயும்போது ஒவ்வொன்றாகக் கிளை விட்டு இறங்கி, குளத்துத் தண்ணீரில் நெஞ்சைத் தொட்டு நனைத்துக்கொண்டு மேலே ஏறும். பிறகு ஒரு பிரிவு மலைப்பக்கம் போகும், ஒரு பிரிவு தென்மேற்கே கடற்கரையைப் பார்த்துப் போகும். சித்தி கொல்லையில் நின்று அந்தத் தென்மேற்கு வரிசையைப் பார்ப்பாள்.

"எங்க ஊருக்குத்தான் போவுது. இப்பம் அங்க புன்னை பழுத்திருக்கும்" என்று ஒரு நாள் சொன்னாள். என்னிடம் சொன்னாளா, தானாகச் சொன்னாளா தெரியவில்லை.

இன்னொரு வகை சின்னது. கைப்பிடிக்குள் அடங்கும். சுடுகாட்டை ஒட்டி வரிசையாக நின்ற பனைகளில், காய்ந்து தொங்கும் ஓலைகளுக்குள் நாலும் ஐந்துமாக ஒண்டிக்கொண்டிருக்கும். அண்டி கொண்டுவந்து போட்டது இந்தச் சின்னதுதான். கொல்லாம்பழத்தை, அதாவது முந்திரிப்பழத்தை, கொட்டையோடு பிடுங்கிக்கொண்டு பனைக்குப் பறந்து வரும். தொங்கியபடி பழத்தைச் சப்பி, சாற்றைக் குடித்து, நாரைத் துப்பும். கொட்டை கீழே விழும். அதன் தோலில் இருக்கும் எண்ணெய் வாயைப் பொசுக்கும் என்று வவ்வாலுக்குத் தெரியும். நமக்கு வாய் வெந்த பிறகு தெரிந்தது.

சுடுகாட்டுப் பக்கம் யாரும் போகமாட்டார்கள் என்பதால் அங்கே அண்டி விழுவது யாருக்கும் தெரியாது. சித்தி போவாள். பேயைவிடப் பொல்லாத மாமியாரைப் பார்த்தவள்.

இனி பெரியப்பா. அப்பாவின் அண்ணன். மலைப்பக்கம் அவருக்கு விளை என்று நாம் சொல்லும் பெரிய மேட்டுத் தோட்டம் ஒன்று இருந்தது. உள்ளே கொல்லாமாவு என்கிற முந்திரி மரங்கள், வேலி ஓரம் முழுக்க இலவமரம். இலவம்பஞ்சை மெத்தைக்காரர்கள் வந்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் வீடு நின்றதும் அவர் மண்ணில்தான். அப்பா அவருக்கு வயலும் விளையும் பார்த்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு வெயிலிலும் குடை, மழையிலும் குடை, வீட்டுக்குள்ளும் சில சமயம் குடை. அதன் நுனியால்தான் எல்லாவற்றையும் சுட்டுவார், மனுஷர்களையும். முந்தின நாள் பேப்பரைச் சத்தமாகப் படித்து, அதில் இருப்பதைத் தான் முன்பே சொன்னதாகச் சொல்வார். சுற்றி நாலு பேர் தலையாட்டுவார்கள். அந்த நாலு பேரின் பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். தலையாட்டுவது இரத்தத்திலேயே வருமோ என்னவோ.

மண்டைக்காட்டுக் கோயில் கொடைவிழா முடிந்து கொல்லாம்பழம் பழுக்கத் தொடங்கிய சமயம். நானும் சித்தியோடு சானல்கரையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே பெரியப்பாவும் அவருடைய ஆட்களும் பல் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். குடை நுனி கடவத்துக்குள் போய்க் கிளறியது. மேலே புன்னைக்காய், அடியில் அண்டி.

"இது எங்கேருந்து?"

"பொறுக்கினது பெரியத்தான்."

"எங்க பொறுக்கின?"

"சுடுகாட்டுப் பனைக்க மூட்டுல."

"பனையில எப்பம்ட்டி அண்டி காய்ச்சுது?"

ஆட்கள் சிரித்தார்கள். ஒருவருக்குப் பல்பொடி புரையேறியது.

"வவ்வாலு கொண்டு போட்டது" என்றாள் சித்தி.

"வவ்வாலுக்கு நான் சம்பளம் குடுக்கலியே, உனக்குச் சுமந்துட்டு வந்து போட!"

அந்த நகைச்சுவையைப் பெரியப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு பிடித்துவிட்டது அவருக்கு. சிரித்து முடித்தவுடன், தான் சொன்னது நகைச்சுவை என்பது மறந்துபோய் அதுவே சாட்சியாகிவிட்டது. கடவத்தை ஒரு ஆள் பிடுங்கிக்கொண்டான். சித்தி வெறும் இடுப்போடு வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். பெரியப்பா நாற்காலியில், ஊர் தரையில். அப்பா கல்தூண் ஓரமாக, பாதி உடம்பு தூணுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றார். அம்மா வரவில்லை, தலைவலி என்றாள். வருடக்கணக்காக நெல் களவு போனது, தேங்காய் களவு போனது, யாரோ ஒருத்தியின் சட்டி காணாமல் போனது எல்லாம் அன்றைக்குச் சித்தி தலையில் வந்து விழுந்தது. கடைசியில் தீர்மானம் செய்தார்கள். கற்பூரம் கொளுத்தி, சாமி முன்னால் கையால் அடித்து அணைத்து, களவு செய்யவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும்.

சித்தி முடியாது என்றாள்.

"அண்டிக்கெல்லாம் சாமிய விளிக்க மாட்டேன். களவு போனதைக் கண்டவங்க ஆராவது உண்டும்னா அவங்க வந்து சத்தியம் பண்ணட்டும்."

இப்படி ஒரு பதிலை நான் அதற்கப்புறம் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை. ஆனால் கூட்டத்துக்கு அது ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்டது. "பாத்தியா, மடியில கனம் இருக்கப் போய்த்தானே" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சத்தியம், இல்லையென்றால் அவளை ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்று பெரியப்பா குடையை அப்பா பக்கம் நீட்டிச் சொன்னார். அப்பா தலையாட்டினார். தூணுக்கு வெளியே தெரிந்த பாதித் தலை மட்டும் ஆடியது.

வீட்டில் அம்மா கெஞ்சினாள். "ஒரு சத்தியம்தானே, செஞ்சிட்டுப் போயேன். நீ எங்கன போவ?" சித்தி அரிசியில் கல் பொறுக்கினாள். அவளுக்குப் போக ஓரிடமும் இல்லை என்பது பத்து வயதில் எனக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். அதை இன்றுவரை யாரும் புத்திசாலித்தனம் என்று பாராட்டவில்லை. பாராட்டத் தகுந்ததும் இல்லை என்று பின்னால் சொல்கிறேன். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்த நீலப் பெயிண்ட் ஒரு டப்பாவில் கட்டியாக மிச்சம் இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கினேன். என் கூட்டாளி ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு பெரியப்பாவின் விளைக்குப் போனேன். வேலி முள் கிழித்த தழும்பு அவள் முழங்கையில் இன்னும் இருக்கும். மத்தியான வெயிலில் காவல்காரர் குடிசைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கொல்லாமாவின் கிளை தாழ்ந்து தரையைத் தொடும், ஏறுவது பெரிய காரியமில்லை. பழம் பழுத்துச் சிவந்து நாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பழத்துக்கும் கீழே தொங்கும் கொட்டையில் கோழி இறகால் நீலம் தடவினேன். அவள் வரப்பில் நின்று காவல் பார்த்தாள். கை, பாவாடை, மூக்கு எல்லாம் நீலம். கொல்லாம்பழச் சாறு பட்ட கறை அந்தப் பாவாடையை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

அன்றைக்கு என்னோடு வந்தவள்தான் போன வாரம் குழுவில் அந்தச் செய்தியை அனுப்பினாள். பெயர் சொல்லவில்லை. அவள் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டால் போதும்.

மறுநாள் விடியலில் நான் தனியாகச் சுடுகாட்டுப் பனைகளுக்குப் போனேன். பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பெருமை இருந்தது. பனி ஈரத்தில் துப்பிப் போட்ட நார் சுருள் சுருளாகக் கிடந்தது. நடுவே அண்டி. சாதாரண அண்டிகளுக்கு நடுவில் ஏழு நீலம். மேலே பனையோலைக்குள் கீச்சுக்கீச்சென்று சின்ன வவ்வால்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தன. நான் பாவாடையில் முடிந்துகொண்டு ஓடிவந்தேன்.

சித்தி துவைகல்லில் நின்றாள். மடியை அவிழ்த்துக் காட்டினேன். விளைக்குப் போனது, நீலம் தடவியது எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் குதிப்பாள், என்னைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு நீல அண்டியை எடுத்து ஈரக்கையில் உருட்டிப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

"இதக் கொண்டு போவாண்டாம் மக்கா."

"ஏன் சித்தி? நீ களவு எடுக்கேல்லன்னு எல்லாருக்கும் தெரியுமே!"

"தெரிஞ்சிட்டு என்ன செய்வானுவன்னு உனக்குத் தெரியாது."

"அப்பம் உன்ன ஊரவிட்டு அனுப்பிருவாங்களே?"

"அனுப்பட்டு. நான் மனுசி, எங்கனயாவது போவேன்."

எனக்கு அது விளங்கவில்லை. பெரியவர்களுக்கு உண்மை தெரியாததுதான் பிரச்சினை, தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது உறுதியாக நம்பினேன். உங்களில் சிலர் அறுபது வயதிலும் அப்படி நம்புவதைப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போனேன். யாரும் கூப்பிடாமலே நடுவில் நுழைந்து ஏழு அண்டியையும் பெரியப்பாவின் காலடியில் வைத்தேன். மரத்தில் இருக்கும்போதே நான் நீலம் தடவினேன், விடியலில் பனைமூட்டில் கிடந்தது, சந்தேகம் இருந்தால் விளைக்குப் போய்ப் பாருங்கள், இன்னும் நீல அண்டி தொங்குகிறது என்று சொன்னேன். காவல்காரரைப் பார்க்க அனுப்பினார்கள். அவர் இரண்டு நீல அண்டியோடு திரும்பி வந்தார்.

பெரியப்பா ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் நேருக்கு நேராகப் பார்த்தேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் எப்படி வெளியே வருவது என்று அவர் வழி தேடிக்கொண்டிருந்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அப்பம் எனக்க விளையில களவு போனது நிசந்தானே?"

"நிசந்தான்" என்றார்கள் தலையாட்டுகிறவர்கள்.

"கள்ளன் ஆருன்னுதான் இப்பம் தெரிஞ்சு போச்சே. ஊருக்கு நடுவுல, குளத்தங்கரையில, தலைகீழாத் தொங்கிட்டு நம்மளப் பாத்து இளிக்கானுவ. அம்புட்டையும் சுட்டுத் தள்ளிரணும்."

கூட்டத்தில் ஒரு உற்சாகம் பரவியது. துப்பாக்கி என்றதும் ஆண்களுக்கு வருமே, அது.

மருதமரத்து வவ்வால் வேறு, அண்டி கொண்டுபோனது வேறு, பெரியது கொல்லாமாவுக்குப் போகவே போகாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. சித்தி எப்போது என் பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. அவள் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால் சின்னதையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பார்கள், பனையோலை ஒரு தீக்குச்சிக்குப் போதும். சொல்லாததால் பெரியது செத்தது. அவள் பிடித்தது சரியா என்று ஐம்பது வருடமாக யோசிக்கிறேன்.

அவள் மேல் களவு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எல்லோருக்கும் மறந்துவிட்டது. கடவத்தையும் திருப்பித் தரவில்லை. "விழுந்தது எங்கன ஆனாலும் காய்ச்சது எனக்க மரத்திலல்லா" என்றார் பெரியப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுட்டார்கள். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். ஓலைப்பட்டாசும், தகர டின்னும், செண்டை மேளமும் கொண்டுவந்திருந்தார்கள். பெரியப்பா வாங்கிய நாளிலிருந்து ஒரு பன்றியைக்கூடச் சுட்டிராத துப்பாக்கி. இங்கே குறி பார்க்க வேண்டியதில்லை. மரத்தைப் பார்த்துச் சுட்டால் ஏதாவது விழும். முதல் வெடிக்கு மூன்று மரமும் ஒரே சமயத்தில் உதிர்ந்த மாதிரி வவ்வால்கள் எழுந்தன. பகல் வெளிச்சத்தில் அவற்றுக்குத் திசை தெரியவில்லை. குளத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து அதே கிளைக்குத் திரும்பின. குட்டி போட்டிருந்த காலம். தாயின் நெஞ்சில் குட்டி கவ்விக்கொண்டிருக்க, தாயும் குட்டியுமாகத் தண்ணீரில் விழுந்தன. சிறகால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தவற்றைக் கம்பால் அடித்தார்கள். நம் கணக்கு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தார். மத்தியானத்துக்குள் குளத்தில் ரோமமும் ரத்தமும் மிதந்தது. அதே தண்ணீரில் சாயங்காலம் மாடு குடித்தது.

வவ்வால் கறி இழுப்புக்கு நல்லது என்று வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்கள். நம் ஊரில் அத்தனை பேருக்கு இழுப்பு இருந்தது அன்றுதான் தெரிந்தது. பெரியப்பா வீட்டிலிருந்து எங்களுக்கும் ஒரு சட்டி வந்தது. கொண்டுவந்தவள், "கொளுந்தியா சாப்பிடட்டும், மனசுல ஒண்ணும் வைக்காண்டாம்னு சொன்னாங்க" என்றாள். பெரியப்பா கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். மிளகு தூக்கலாகப் போட்ட மன்னிப்பு.

சித்தி தொடவில்லை. அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா இலை போடச் சொன்னார். அண்ணன் கொடுத்துவிட்டதைத் தள்ளினால் நன்றாக இருக்காது என்றார். சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வை என்று அம்மாவைக் கூப்பிட்டார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி நான் அதற்குப் பிறகு நல்லதாகவும் நிறையச் சொல்லியிருக்கிறேன். படிக்க வைத்தார், அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் அவர் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டதை என்னால் விழுங்க முடியவில்லை.

மூன்று நாளில் மருதமரங்கள் காலியாகிவிட்டன. திரும்பி வந்துவிடக் கூடாதென்று இரண்டு மரத்தை வெட்டியும் போட்டார்கள். அடுத்த வாரம் பெரியப்பா வெற்றியைக் காட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுடுகாட்டுப் பனைப்பக்கம் போனார். காலை வெயில் ஏறிய பிறகுதான் போனார், பயம் அவருக்கும் உண்டு. சித்தியையும் வரச் சொன்னார். அப்பாவும் நானும் கூடப் போனோம்.

"பாத்துக்க. இனி ஒரு அண்டி கெடக்கா பாரு" என்று குடையை நீட்டினார்.

குடை நீட்டிய இடத்தில் கிடந்தது. ஒன்று இரண்டல்ல, வழக்கம்போல இறைந்து கிடந்தது. நார் இன்னும் ஈரமாக இருந்தது. கட்டெறும்பு மொய்த்தது. கொல்லாம்பழ வாசம் நின்ற இடத்தில் அடித்தது.

பெரியப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"இது பழசு" என்றார்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு அண்டியை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த சதை அவர் விரலில் பிசுபிசுத்ததை நான் பார்த்தேன்.

"ஆமா அண்ணா, பழசுதான்" என்றார் அப்பா.

"பழசுதான், பழசுதான்" என்றார்கள் மற்றவர்கள்.

அப்போதுதான் சித்தி சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்த முடியவில்லை. பனைமூட்டில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெரியப்பா "கிறுக்கு மூதி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். குடையை விரிக்கக்கூட மறந்துவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சித்தி போய்விட்டாள். மேற்கே ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி உடைக்கும் ஆலையில், ஆள் எடுக்கிறார்கள் என்று சந்தையில் கேள்விப்பட்டிருக்கிறாள். யாரும் அவளை அனுப்பவில்லை. அம்மா அழுதாள். அப்பா வயலுக்குப் போய்விட்டார்.

பெரியப்பாவின் வேலியில் நின்ற இலவமரங்கள் அடுத்த வருடமும் பூத்தன. காய் குறைந்தது. அதற்கடுத்த வருடம் இன்னும் குறைந்தது. மெத்தைக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். இலவம்பூவில் தேன் குடிக்க வந்து, முகமெல்லாம் மகரந்தத்தோடு மரம் மரமாகப் போனது எது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் துப்பாக்கியைத்தான் தேடியிருப்பார். முதலில் உரக்கடைக்காரனைக் குறை சொன்னார். பிறகு மெத்தைக்காரனை. கடைசிக் காலத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் வந்து நின்றபோது அவருக்குப் பெரிய நிம்மதி. "அந்தக் காத்தாடி காத்தத் திருப்பி விட்டுட்டு, பாத்துக்க. பூவெல்லாம் உதுந்து போவுது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். தலையாட்ட அப்போதும் நாலு பேர் இருந்தார்கள்.

எனக்கு வேலை கிடைத்த வருடம் சித்தியைத் தேடிப் போனேன். ஆலைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு அடுக்களை. வாசலில் செம்பருத்தி. இரண்டு கையும் அண்டி எண்ணெயில் வெந்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. உடைக்கிறவர்களை மேற்பார்க்கும் வேலைக்கு வந்திருந்தாள். சித்தப்பா திரும்பி வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தான். ஒரு பெட்டியும் தூக்கிட்டு வந்தான். முத்தத்துல உக்கார வச்சு ஒரு கட்டஞ்சாயா குடுத்தேன். குடிச்சிட்டுப் போனான்."

"நீ ஒண்ணும் கேக்கலியா?"

"சீனி போதுமான்னு கேட்டேன்."

பழைய பேச்சை நானாகவே ஆரம்பித்தேன். அன்றைக்கு நீ சொன்னதைக் கேட்காமல் அந்த நீல அண்டியைக் கொண்டுபோனேனே என்றேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"உனக்குப் பத்து வயசு. அவனுவளுக்கு என்ன வயசு?"

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விடவில்லை. மறுநாள் வெளுக்கும்போது என்னை எழுப்பினாள். ஒரு சரிவில் ஏற்றிக் கூட்டிப்போனாள். பாறை ஓரமாக ஒரு பெரிய மரம். அடியில் ஈர நார், அண்டி, மேலே கீச்சுக்கீச்சு. சேலைத் தலைப்பில் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். நானும் குனிந்தேன்.

"இது ஆருக்க அண்டி சித்தி?"

"ஆரும் கேக்காத வரைக்கும் எனக்கது."

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆருட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா?"

சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, கட்டிக்கொண்டவரிடம் சொல்லவில்லை, பெற்ற பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சித்தி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம்கூட நான் அந்தச் சரிவில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே விழுந்துகொண்டுதான் இருக்கிறது. எந்த ஊர், எந்த மரம் என்று கேட்டு உங்களில் யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். எடுக்க மாட்டேன்.